இரண்டு நாள் கடைக்கு இரண்டு லட்சம் முதல் போடலாமா?



சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் இரவு, கடை எடுத்துவைக்கும் நேரம். கே.ஜி.கண்டிகையில் என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சரக்கு எடுக்கும் சில்லறை மளிகைக்காரர் ஒருவர் தம் மகனையும் அழைத்துக்கொண்டு வந்தார். இருவர் முகமும் சரியில்லை.

"அண்ணே, இவன் சொல்றதை நீங்களே கேளுங்க. பொங்கல் சரக்குக்கு வச்சிருக்கிற ரெண்டு லட்சத்தைக் கேக்கறான். படக்கதைப் புத்தகம் விக்கப் போறானாம்" என்றார்.

பையன் பட்டப்படிப்பு முடித்தவன். மாலையில் அப்பாவின் கடையில் நிற்பவன். "பெரியப்பா, பிப்ரவரி மாசம் சென்னையில காமிக் கான் நடக்குது. ரெண்டே நாள். ஆயிரக்கணக்கில் ஜனம் வரும். ஒரு கடை எடுத்தா போதும். முன்பணம் இப்பவே கட்டணும்" என்றான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு லட்சத்தில் பாதிக்கு மேல் எனக்கு வரவேண்டிய பாக்கி. ஆகவே அந்தக் கடையில் என் பணமும் இருந்தது. 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கலாம். ஆனால் அடுத்த தலைமுறை கடைக்கு வருவதே அரிதாகிவிட்ட காலம் இது. வியாபாரம் செய்கிறேன் என்று வந்த பிள்ளையைக் கணக்குப் பார்க்காமல் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. மூவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அந்தக் கணக்கு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணியில் தற்காலிகக் கடை போடுபவருக்கும், பொருட்காட்சியில் இடம் எடுப்பவருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என்ன திருவிழா இது?

காமிக் கான் என்பது படக்கதை ரசிகர்கள் கூடும் திருவிழா. 1970ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் மூன்று நாள் நடந்த கூட்டத்துக்குச் சுமார் 300 பேர் வந்தார்கள். பழைய படக்கதைகளை வாங்குவதும் விற்பதும் அதில் பெரிய பங்கு. இப்போது அதே நகரில் ஆண்டுக்கு 1,30,000 பேருக்கு மேல் வருகிறார்கள். நம் நாட்டில் 2011 பிப்ரவரியில் புதுதில்லி தில்லி ஹாட்டில் தொடங்கியது. பிறகு பெங்களூரு, ஐதராபாத் என்று பரவி, சென்னைக்கு 2024 பிப்ரவரி 17, 18 தேதிகளில் நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு முதன்முறையாக வந்தது.

வருபவர்களில் பெரும்பாலோர் இளைஞர்கள். தங்களுக்குப் பிடித்த கதாபாத்திரத்தைப் போலவே உடை உடுத்தி வருவார்கள். நம் ஊரில் காவடி எடுப்பவரைப் போல அதற்கென்றே மாதக்கணக்கில் தயார் செய்பவர்களும் உண்டு. பதிப்பகத்தார், பொம்மைக்காரர், பனியன் விற்பவர் கடை போடுவார்கள். ஓவியர்களுக்குச் சிறிய மேசைகள் தனியே உண்டு.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். நம் கடைக்கு வருபவர் வாங்க வருகிறார். அங்கே வருபவர் நுழைவுச்சீட்டுக்கே பணம் கொடுத்துவிட்டு, பார்க்கவும் படம் எடுக்கவும் வருகிறார். கூட்டம் என்பது வேறு, கிராக்கி என்பது வேறு. திருத்தணி மலையில் 365 படி ஏறி வருபவர் லட்சம் பேர் என்றாலும், அத்தனை பேரும் நம் கடையில் கற்பூரம் வாங்குவதில்லை.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவன். இளவயதில் ஆடிக் கிருத்திகைக்கு ஒரு கடை எடுத்தேன். பொரி, கற்கண்டு, கற்பூரம், பேரீச்சம்பழம் என்று வண்டி நிறையக் கொண்டுபோனேன். இரண்டாம் நாள் மழை. பொரி நமத்தது, கற்கண்டு கசிந்தது. வாடகையைத் திருப்பித் தருவார் யாரும் இல்லை. அந்த நஷ்டத்தை அடைக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று. மழையைக் குறை சொல்லிப் பயனில்லை. திரும்பிவரும் சரக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் ஏற்றினேன், அதுதான் தவறு.

பொட்டலம் மடித்த காகிதம்

படக்கதை நம் கடைகளுக்கு அன்னியமான சரக்கு அல்ல. சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் தொடங்கிய ராணி காமிக்ஸ் மாதம் இரு முறை வந்து 2005இல் நின்றது. பேருந்து நிலையப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் தொங்கியவை இவை.

அந்த நாளில் பழைய தாள் எடைக்கு வாங்கித்தான் நாம் பொட்டலம் கட்டினோம். அப்பா கடையில் பொட்டலம் மடிப்பது என் வேலை. கடுகுக்கும் மிளகுக்கும் மாயாவியைக் கிழித்து மடித்தவன் நான். கிழிப்பதற்கு முன் ஒரு பக்கம் படித்துவிடுவேன். அப்பா பார்த்தால் அடி விழும்.

பையன் தன் பையிலிருந்து அப்படி ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் காட்டினான். கண்ணாடித்தாள் உறையில் போட்டு, பின்னால் அட்டை வைத்திருந்தான். சேகரிப்பவர் சிலர் இதற்கு நூற்றுக்கணக்கில் கொடுப்பார்கள் என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. 1938இல் அமெரிக்காவில் 10 சென்டுக்கு விற்ற ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் ஒரு பிரதி, 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அங்கேயும் பெரும்பாலான பிரதிகள் குப்பைக்கும் பழைய தாள் கடைக்கும் போனதால்தான் மிஞ்சியதற்கு அந்த விலை.

ஆனால் இதைக் கேட்டு யாரும் பரணைக் குடைய வேண்டாம். அரிய சரக்கு என்பது வாங்குபவர் எதிரில் நிற்கும்போதுதான் விலை பெறும். அவர் வரும்வரை அது பழைய காகிதம்தான்.

வாடகையை மணிக்கணக்கில் பிரியுங்கள்

இனிக் கணக்கு. ஓர் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். கடை வாடகை, வேன் கூலி, இரண்டு நாள் தங்கல், சாப்பாடு, உதவிக்கு ஓர் ஆள், பலகை, விளம்பரத் துணி எல்லாம் சேர்த்து மொத்தச் செலவு ரூ.40,000. புத்தகத்தில் நமக்குக் கிடைக்கும் கழிவு நூற்றுக்கு 25. திருவிழா நடக்கும் நேரம் நாளுக்கு 9 மணி, இரண்டு நாளைக்கு 18 மணி.

நூறு ரூபாய் விற்றால் 25 ரூபாய் மிஞ்சும். செலவு ரூ.40,000 எடுக்க ரூ.1,60,000க்கு விற்க வேண்டும். ஒரு பில் சராசரி 300 ரூபாய் என்றால் 533 பில். மணிக்கு 30 பில். அதாவது இரண்டு நிமிடத்துக்கு ஒரு பில், 18 மணி நேரமும் இடைவிடாமல். இது லாபத்துக்கான விற்பனை அல்ல. கைமுதல் கடிக்காமல் இருப்பதற்கு மட்டும்.

இனி, பக்கத்துக் கடைக்காரர் நூற்றுக்குப் பத்து தள்ளுபடி தருகிறார் என்று நாமும் தந்தால்? சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய்ப் பழகிய வாசகர்கள் பத்து சதவீதத்தை எதிர்பார்ப்பார்கள். நூறு ரூபாய்ப் புத்தகத்தை 90க்குக் கொடுக்கிறோம். அடக்கம் 75. மிச்சம் 15தான். அப்போது ரூ.2,40,000 கல்லாவில் விழுந்தால்தான் செலவு கட்டும். சராசரி பில் 270 ரூபாய் ஆகிவிடுவதால், மணிக்கு 49 பில் போட வேண்டும். ஏறக்குறைய 73 வினாடிக்கு ஒன்று.

தள்ளுபடி நூற்றுக்குப் பத்துதான், ஆனால் நம் வேலை ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிட்டது. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் பையன் பேசாமல் இருந்தான். அப்பா தண்ணீர் கேட்டார்.

வாடகையை நாள் கணக்கில் பார்த்தால் சிறியதாகத் தெரியும். மணிக்கணக்கில் பிரித்து, ஒரு பில்லுக்கு எத்தனை நிமிடம் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். முன்பணம் கட்டும் முன் இதைச் செய்ய வேண்டும்.

எதை ஏற்றுவது, எதை விட்டுப்போவது

பையன் எழுதி வைத்திருந்த கொள்முதல் பட்டியலில் பாதி, ஆங்கிலப் படக்கதைகள். அவற்றைச் செல்போனிலேயே தள்ளுபடியில் வாங்கலாம், வீட்டுக்கே வந்துவிடும். அதே சரக்கைத் திருவிழாவில் சுமந்துபோய் விற்பது, திருத்தணிக்கு வருபவருக்குப் பாக்கெட் உப்பு விற்பதைப் போன்றது. தன் ஊரில் கிடைக்காததைத்தான் வெளியூரில் மனிதன் வாங்குவான். தமிழ்ப் படக்கதை, விட்டுப்போன பழைய இதழ், ஓவியர் கையெழுத்திட்ட படம் இவைதான் அங்கே நமக்கு ஏற்ற சரக்கு.

பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. பாரிமுனைப் பக்கம் மொத்த விலைக்குக் கிடைக்கும் ஸ்பைடர்மேன் பனியன், சாவிக்கொத்து. அடக்கம் குறைவு, லாபம் அதிகம் என்றான். உரிமை பெற்றுத் தயாரித்த சரக்கா என்று கேட்டேன். தெரியாது என்றான். அனுமதியில்லாத சரக்கை விற்பது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, ரூ.50,000 முதல் ரூ.2 லட்சம் வரை அபராதம் உண்டு. வணிகச் சின்னச் சட்டம் தனியே இருக்கிறது. அசல் உரிமையாளரின் கடையே எதிர் வரிசையில் இருக்கும் இடத்தில் போலியைத் தொங்கவிடுவது அறிவுடைமை ஆகாது. அந்த வரியை அவனே அடித்துவிட்டான்.

சரக்கை மூன்றாகப் பிரிக்கச் சொன்னேன். முதலாவது, விற்காவிட்டால் பதிப்பகத்தாரோ மொத்த வியாபாரியோ திரும்ப எடுத்துக்கொள்வது. இரண்டாவது, திரும்பி வந்தாலும் நம் கடையில் வைத்து விற்கக்கூடியது. மூன்றாவது, அந்த இரண்டு நாள் போனால் முடங்கிவிடுவது. மூன்றாம் வகையில், முழுவதும் போனாலும் தாங்கக்கூடிய தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் போடக்கூடாது. திரும்ப எடுத்துக்கொள்வோம் என்ற வாக்குறுதியை எழுத்தில் வாங்க வேண்டும். எத்தனை நாளுக்குள், எந்த நிலையில், பார்சல் கூலி யாருடையது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும்.

வரியும் ரசீதும்

அச்சிட்ட புத்தகத்துக்கும் குழந்தைகளுக்கான படப்புத்தகத்துக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. பனியன், பொம்மை, சாவிக்கொத்து இவற்றுக்கு உண்டு. இரண்டையும் ஒரே மேசையில் விற்றால் பில் போடுவதில் கவனம் தேவை.

தமிழ்நாட்டில் பதிவு பெற்றவர் சென்னையில் கடை போட வேறு மாநிலப் பதிவு வேண்டியதில்லை. ஆனாலும் கண்காட்சி இடத்தைத் தெரிவிக்க வேண்டுமா என்று உங்கள் கணக்கரைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாம் எல்லையில் இருப்பவர்கள். நகரியும் புத்தூரும் நமக்குப் பக்கத்து ஊர். ஆனால் சட்டத்துக்கு அது வேறு மாநிலம். வரியுள்ள சரக்கை ஆந்திரத்திலோ, பெங்களூரிலோ, ஐதராபாத்திலோ கொண்டுபோய்த் தற்காலிகக் கடை வைத்து விற்க, அந்த மாநிலத்தில் தற்காலிக வணிகராகப் பதிவு பெற வேண்டும். வியாபாரம் தொடங்குவதற்கு ஐந்து நாளாவது முன்பு விண்ணப்பித்து, உத்தேச வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். பதிவு 90 நாள் வரை செல்லும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இந்த வழி இல்லை.

சரக்கு ஏற்றும்போது டெலிவரி சலான் கையில் இருக்கட்டும். திரும்பி வரும்போதும் மீதிச் சரக்குக்கு அதே போல எழுதிக்கொள்ளுங்கள். வழியில் வண்டியை நிறுத்திக் கேட்டால் வாய்ப்பேச்சு உதவாது.

கல்லாவும் கூட்டமும்

ஒப்பந்தத் தாளை முழுவதும் படித்த பிறகே கையெழுத்து. மேசை எத்தனை, மின்சாரம் உண்டா, ஆளுக்கு எத்தனை அனுமதி அட்டை, சரக்கு இறக்க எத்தனை மணிக்கு உள்ளே விடுவார்கள், திருவிழா தள்ளிப்போனால் பணம் என்ன ஆகும் என்ற ஐந்து கேள்விக்கும் பதில் அதில் இருக்க வேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் ஒரே கூரையின்கீழ் செல்போன் பார்த்தால் இணைப்பு திணறும். யு.பி.ஐ. பணம் வந்ததா இல்லையா என்று நாம் பார்ப்பதற்குள் பின்னால் நிற்பவர் போய்விடுவார். இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ள வேண்டும். பத்து, இருபது, ஐம்பது ரூபாய்ச் சில்லறை தாராளமாக வேண்டும். பழைய இதழ்களின் விலையை 50, 100, 150 என்று முழு எண்ணில் வைத்தால் பாதித் தொல்லை இல்லை. விலையை உறையின்மேல் ஒட்டுங்கள், புத்தகத்தின்மேல் ஒட்டினால் சேகரிப்பவர் வாங்க மாட்டார்.

ஆள் இருவர் கண்டிப்பாக வேண்டும். ஒருவர் பில்லில், ஒருவர் சரக்கின்மேல் கண் வைத்திருக்க வேண்டும். நம் கடையில் துவரம்பருப்பை யாரும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போவதில்லை. மெல்லிய புத்தகம் அப்படியல்ல. முதல் நாள் இரவே சரக்கை எண்ணிச் சிட்டையில் ஏற்றினால், இரண்டாம் நாள் எதை முன்னால் வைப்பது என்பதும் தெரிந்துவிடும்.

சிவகாசி காட்டும் வழி

பெரிய தொழிலாக இல்லாத தமிழ்ப் படக்கதை எப்படி இன்னும் நிற்கிறது என்று பையனைக் கேட்டேன். அவன் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. லயன், முத்து காமிக்ஸ் முன்பு 10 ரூபாய் விலையில் மட்டமான தாளில் வந்துகொண்டிருந்தன. 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நேரத்தில் 100 ரூபாய் விலையில் நல்ல தாளில் சிறப்பிதழ் போட்டார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் 400 ரூபாய்க்கே ஓர் இதழ் வந்தது. பத்து ரூபாய்க்கு வாங்கியவர் நூறு கொடுப்பாரா என்று எவரும் கேட்டிருப்பார்கள். ஆனால் சிறுவயதில் படித்தவர்கள் வளர்ந்து சம்பாதிக்கிறார்கள், அவர்கள் கொடுத்தார்கள்.

அதைவிட முக்கியம், அவர்கள் சந்தா முறை. வாசகர் முன்பணம் கட்டுகிறார், புத்தகம் வீட்டுக்குப் போகிறது. சென்னைப் புத்தகக் காட்சியிலும் ஈரோடு புத்தகத் திருவிழாவிலும் வாசகர்களை நேரில் சந்திக்கிறார்கள். ஆண்டு முழுவதும் நடக்கும் வியாபாரத்துக்கு அந்தச் சில நாள் கடை ஒரு வாசல்.

நம் ஆடிக் கிருத்திகைக் கடைக்கும் இது பொருந்தும். வந்தவர் யார், எந்த ஊர், என்ன கேட்டார், நம்மிடம் இல்லாதது எது என்று குறித்து வைப்பவர் எத்தனை பேர்? விற்று முடித்துப் பலகையை ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறோம். அடுத்த ஆண்டு மீண்டும் முன்பின் தெரியாத கூட்டத்தின் எதிரில் நிற்கிறோம்.

என்ன முடிவு செய்தோம்?

இரண்டு லட்சம் பொங்கல் சரக்குக்கே போயிற்று. வெல்லமும் பச்சரிசியும் பாசிப்பருப்பும் வழக்கம்போல் விற்றன. என் பாக்கியும் வந்தது.

பையனிடம் இரண்டு வேலை சொன்னேன். ஒன்று, பிப்ரவரியில் நுழைவுச்சீட்டு எடுத்து, கையில் நோட்டுடன் போக வேண்டும். எந்தக் கடையில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பில் போடுகிறார்கள் என்று நின்று எண்ண வேண்டும். இரண்டு, மாவட்டந்தோறும் நடக்கும் புத்தகத் திருவிழாவில், தெரிந்த புத்தகக் கடைக்காரர் ஒருவரின் கடையில் ஒரு மேசை மட்டும் கேட்டு வாங்கிப் பழக வேண்டும். முதல் ரூ.15,000. அதை அவன் அப்பா கொடுக்கவில்லை, நான் கடனாகக் கொடுத்தேன். வட்டி இல்லை, ஆனால் பேரேட்டில் அவன் பெயரில் தனிப் பக்கம்.

சென்னையில் எண்ணிவிட்டு வந்து நோட்டைக் காட்டினான். மணிக்கு முப்பது பில் போட்ட கடைகள் இருந்தன, மணிக்கு நான்கு போட்ட கடைகளும் இருந்தன. முப்பது போட்டவை எவை என்று கேட்டேன். ஏற்கெனவே பெயர் தெரிந்த கடைகள் என்றான். எனக்கு அந்தப் பதில் போதும்.

பிறகு புத்தகத் திருவிழாவில் மேசை போட்டான். கொண்டுபோனதில் ஏறக்குறைய பாதி விற்றது, மீதியைத் திருப்பி அனுப்பினான். செலவு போகக் கையில் நின்றது ஆயிரத்துச் சொச்சம்தான். ஆனால் விருப்பப்பட்டுப் பெயரும் எண்ணும் எழுதிக்கொடுத்தவர்கள் 41 பேர். அவர்களுக்கு மாதாமாதம் என்ன வந்திருக்கிறது என்று செய்தி அனுப்புகிறான். அப்பாவின் மளிகைக் கடையிலேயே ஒரு மூலையில் பார்சல் கட்டுகிறான். என் ரூ.15,000இல் ஒன்பதாயிரம் திரும்பிவிட்டது.

அடுத்த காமிக் கானில் கடை எடுப்பானா என்று அவன் அப்பா கேட்டார். அந்த நோட்டில் இருநூறு பெயர் சேரட்டும், அப்போது பேசுவோம் என்றேன். பையனும் அதற்குச் சம்மதித்திருக்கிறான்.

வரும் ஆடிக் கிருத்திகைக்குக் கடை எடுக்க எண்ணியிருக்கும் உறுப்பினர்கள், பணம் கட்டும் முன் மேலே சொன்ன மணிக்கணக்கை ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். போட்டதை என்னிடம் கொண்டுவந்தால் சேர்ந்து பார்க்கலாம். மாலை ஏழு மணிக்கு மேல் கடையில்தான் இருப்பேன்.